செக் குடும்பத்தில் ஒரு பள்ளி ஆண்டு: மகளை அனுப்பும் முன் பேச வேண்டியவை

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி, ஆகஸ்ட் கடைசியில் செக் குடியரசுக்குக் கிளம்புகிறாள். ஒலொமோட்ஸ் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு. கணவன், மனைவி, 14 வயதுப் பையன், மாடியில் பாட்டி. நாங்கள் சைவம். கேக், ரொட்டியில் முட்டை இருந்தால் சாப்பிடுவாள், அவ்வளவுதான். கூச்ச சுபாவம், எது வேண்டும் என்றாலும் வாய்திறந்து கேட்க மாட்டாள். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? அந்த வீடு ஒத்துவராவிட்டால் என்ன வழி? பதினோராம் வகுப்பு என்ன ஆகும்? கிறிஸ்துமஸ் சமயத்தில் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?
- ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சாப்பாட்டைப் பற்றித்தான் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது "வாய்திறந்து கேட்க மாட்டாள்" என்ற வரி. சைவச் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது. கேட்காமல் இருக்கும் பிள்ளைக்குத்தான் அந்த ஆண்டு பாழாகிறது. நம் வீட்டில் விருந்தாளி "வேண்டாம்" என்றால் இன்னும் இரண்டு முறை வற்புறுத்துவோம். மூன்றாவது முறை அவர் வாங்கிக்கொள்வார். செக் வீட்டில் "வேண்டாம்" என்றால் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். சொன்னதை அப்படியே மதிக்கிறார்கள், அவ்வளவுதான். பாட்டி மட்டும் விதிவிலக்காக இருக்கலாம். உங்கள் மகள் மரியாதைக்காக "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பசியோடு படுப்பாள்; அந்த வீட்டு அம்மாள் "இந்தப் பெண்ணுக்கு நம் சமையல் பிடிக்கவில்லை" என்று நினைத்துக்கொள்வார். இரண்டு பக்கமும் நல்லவர்கள், நவம்பருக்குள் பேச்சு நின்றுபோகும். குடும்பம் மாற்றிக் கேட்கும் பல விண்ணப்பங்களின் அடியில் இதுதான் இருக்கிறது.

இன்னொன்றும் அவளுக்குச் சொல்லுங்கள். செக் மக்கள் அறிமுகமான முதல் நாளே கலகலவென்று பேசுகிறவர்கள் இல்லை. சிரிப்பு குறைவாக இருக்கும், பாராட்டும் குறைவுதான். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிலுக்கு இவளும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், நாம் அடக்கம் என்று நினைப்பதை அவர்கள் விலகல் என்று படிப்பார்கள். வீட்டுப்பாடத்தைக் கூடத்து மேசையில் வைத்துச் செய்யட்டும். அறைக் கதவு தூங்கும்போதும் உடை மாற்றும்போதும் மட்டும் மூடியிருக்கட்டும்.

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாட்களுக்குள் அவள் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் உண்டு. அவற்றை இங்கிருந்தே செக் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி எடுத்துப் போகட்டும். தாளைக் கையில் வைத்துக் கேட்பதில் வெட்கம் இல்லை. கூச்சமுள்ள பிள்ளைக்கு அந்தத் தாளே துணை. உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? காலையில் குளியலறை எனக்கு எத்தனை மணிக்கு? ஃபிரிட்ஜில் எதை நானாக எடுத்துச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது? துணி துவைப்பது எந்த நாள், மெஷினை நான் ஓட்டலாமா? மாலையில் எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், தாமதமானால் யாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும்? வீட்டில் என் வேலை எது? கடைசிக் கேள்வி மிக முக்கியம். பாத்திரம் கழுவும் மெஷினைக் காலி செய்வது, நாயை நடத்திக் கூட்டிப்போவது, சனிக்கிழமை தூசி உறிஞ்சும் மெஷின் போடுவது என்று ஒரு நிரந்தர வேலை கையில் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுவாள். ஏஎஃப்எஸ், ரோட்டரி போன்ற திட்டங்களில் இந்தக் குடும்பங்கள் காசு வாங்கிக்கொண்டு வைத்திருப்பதில்லை, விருப்பப்பட்டு ஏற்கிறார்கள். தங்கும் விடுதி போல அவள் நடந்துகொண்டால் மனம் புண்படும். (ரோட்டரி வழியாகப் போகிறாள் என்றால் ஆண்டுக்குள் இரண்டு, மூன்று குடும்பங்கள் மாறுவது அங்கே ஏற்பாடே, அதை யாரும் அவளை ஒதுக்கியதாக நினைக்க வேண்டாம்.)

குளியலறையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, முதல் தகராறு பெரும்பாலும் அங்கேதான். அங்கே பெரும்பாலான வீடுகளில் தொட்டிக்கு அல்லது ஷவர் அறைக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. பக்கெட்டும் குவளையும் வைத்துக் குளித்தாலோ, ஷவர் திரையைத் தொட்டிக்கு வெளியே விட்டாலோ தண்ணீர் தரைக்கு அடியில் இறங்கி, மாடி வீடானால் கீழ்வீட்டுக் கூரையில் கறை படியும். வெந்நீர் பல வீடுகளில் மின் தொட்டியிலிருந்து வருகிறது. ஒருவர் இருபது நிமிடம் நின்றால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். தலைக்குக் குளிக்கும் நாளை முன்பே சொல்லிவிடட்டும். கழிவறையில் காகிதம் மட்டுமே இருக்கும்; தண்ணீர் வேண்டுமென்றால் பிழிந்து பீய்ச்சும் சிறு பாட்டில் ஒன்றைக் கொண்டுபோகலாம், தரையில் சொட்டினால் உடனே துடைத்துவிட வேண்டும். எண்ணெய் தேய்த்த தலையோடு தூங்கினால் அவர்கள் தலையணையில் கறை போகாது, மேலே ஒரு பழைய துண்டு விரிக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களில் அங்கே எந்த ஒதுக்கமும் கிடையாது. நாப்கினைச் சுற்றிக் குப்பைக்கூடையில்தான் போட வேண்டும், கழிவறைக்குள் போட்டால் குழாய் அடைக்கும். அந்த அம்மாளிடம் இதைத் தயங்காமல் பேசலாம்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம்தான், அதில் சிரமம் இருக்காது. ஆனால் உள்ளே வெறுங்காலோடு நடப்பதில்லை. வீட்டுக்கென்று மென்செருப்பு போடுவார்கள். பள்ளியிலும் பல இடங்களில் மாற்றுச் செருப்பு கட்டாயம். இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.

இப்போது சாப்பாடு. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடையிறைச்சித் துண்டுகளைச் சிலர் "மாமிசம்" என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காய்கறி சூப்பும் எலும்புச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம். உருளைக்கிழங்கு அடையைப் பன்றிக் கொழுப்பில் சுடுகிற வீடுகள் உண்டு. தயிர், மிட்டாய் வகைகளில் ஜெலட்டின் வரும். ஆகவே பட்டியலாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்: இறைச்சி, கோழி, மீன், தொத்திறைச்சி, எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் வேண்டாம், பால், தயிர், சீஸ் சரி, முட்டை மாவில் கலந்திருந்தால் சரி, தனியாக வேண்டாம். முட்டை விஷயத்தைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், பருப்பின்மேல் ஒரு பொரித்த முட்டையும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்து அன்போடு நீட்டுவார்கள். அங்கே பருப்புக் கூட்டு பரிமாறும் முறையே அது. இந்தப் பட்டியலைத் திட்ட அலுவலகம் வழியாகக் கிளம்புவதற்கு முன்பே குடும்பத்துக்கு அனுப்புங்கள்.

செக் சமையல் கறியில் ஊறியது என்பது உண்மை. ஆனாலும் அதற்குள்ளேயே அவளுக்கு ஏற்றவை இருக்கின்றன. பழம் வைத்து வேகவைத்த உருண்டைகள், மேலே துருவிய ட்வரோஹ் என்ற பாலாடைக்கட்டியும் உருக்கிய வெண்ணெயும். இதை மதியச் சாப்பாடாகவே சாப்பிடுவார்கள். ரவைக் கஞ்சி, அரிசி வேகவைத்துப் பழத்தோடு சுடும் இனிப்பு, ரொட்டித்தூள் பூசிப் பொரித்த சீஸ், அதேபோல் பொரித்த காலிஃபிளவர், புளிப்புச் சேர்த்த பருப்பு, காளானும் சோம்புக்கீரை போன்ற சதகுப்பைத் தழையும் போட்ட பால் சூப் (அதில் முட்டை போடுவது வழக்கம், வேண்டாம் என்று சொல்லட்டும்). பொரிப்பவற்றில் முட்டையில் தோய்ப்பார்கள், அதை அவள் ஏற்பாளா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். இதில் பெரிய குறை புரதம்தான். பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும் தின்று எடை கூடி, சோர்ந்துபோகிற சைவப் பிள்ளைகள் உண்டு. 250 கிராம் ட்வரோஹ் பாக்கெட் ஒன்று, சிவப்புப் பருப்பு, கொண்டைக்கடலை, டோஃபு எல்லாம் லிடில், காஃப்லாண்ட் போன்ற கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். சிவப்புப் பருப்பில் சாம்பார் நன்றாகவே வரும்.

பள்ளியில் மதிய உணவு உண்டு: சூப்பும் சூடான ஒரு முக்கிய உணவும். முந்தைய நாளுக்குள் இணையத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். அடையாளச் சில்லைக் காட்டினால்தான் தட்டு வரும். தேர்ந்தெடுக்க மறந்தால் முதலாவது வகைதான் வரும், அல்லது எதுவுமே வராது. பள்ளிக்குப் பள்ளி மாறும். சைவ வகை தினமும் இருக்காது. வாரப் பட்டியலை ஞாயிறன்று அந்த அம்மாளோடு உட்கார்ந்து பார்த்து, பொருந்தாத நாட்களை ரத்து செய்துவிட்டு ரொட்டி, சீஸ் கட்டிக்கொண்டு போவதுதான் நடைமுறை வழி.

இங்கிருந்து என்ன கொடுத்துவிடலாம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருட்களைப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் நுழைய முடியாது. சாம்பார் பொடி, ரசப் பொடி கால் கிலோ வீதம், கடுகு 100 கிராம், பெருங்காயம், புளி கொஞ்சம் போதும். ஒட்டிய பாக்கெட்டில், பெயர் எழுதிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை அவள் அந்த வீட்டுக்குச் சமைத்துப் போடட்டும்: எலுமிச்சை சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். காரம் நம் அளவில் கால்பங்கு. வற்றல் மிளகாயைத் தாளித்து மூடிய சமையலறையில் புகை கிளப்பினால் வீடு முழுக்க இருமும், வாசலில் தொங்கும் கோட்டுகளில் வாசம் ஒரு வாரம் நிற்கும். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளிக்க வேண்டும். கண்ணாடி அடுப்பின்மேல் பாத்திரத்தை இழுத்தால் கீறல் விழும், தூக்கித்தான் வைக்க வேண்டும்.

மொழிக்கு வருகிறேன். 14 வயதுப் பையனுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். பாட்டிக்கு வராது, 1989 வரை பள்ளியில் கட்டாய மொழி ரஷ்யன். செக் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு ஏழு வேற்றுமை. தமிழில் எட்டு வேற்றுமை படித்த பிள்ளைக்கு "இது ஏன் மாறுகிறது" என்று மலைப்பு வராது, ஆனால் மூன்று பால், ஒருமை, பன்மை என்று விகுதிகள் பெருகும். அவற்றைக் கிளம்பும் முன் கற்கப் பார்க்க வேண்டாம். தினமும் அரைமணி நேரம், எழுத்துகளின் ஒலி, எண்கள், வீட்டுப் பொருட்கள், சாப்பாட்டுச் சொற்கள், முப்பது முழு வாக்கியங்கள் போதும். நேரம் சொல்லும் முறையை மட்டும் பிசகில்லாமல் கற்கட்டும்: அவர்கள் "எட்டில் பாதி" என்று சொன்னால் ஏழரை மணி. இதை எட்டரை என்று எண்ணிப் பேருந்தைக் கோட்டைவிடுவது வழக்கமாக நடப்பது. கடைக்குள், மருத்துவர் காத்திருப்பு அறைக்குள், மின்தூக்கிக்குள் நுழையும்போது "டொப்ரீ டென்" என்று வணக்கம் சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்கு மரியாதைப் பன்மை, சம வயதினருக்கு ஒருமை. நம் "நீங்கள்", "நீ" போலத்தான். ஒருமைக்கு மாறலாம் என்று பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும். முதல் ஆறு வாரம் மாலையானால் தலைவலியும் தூக்கமும் வரும், நாள் முழுக்க அந்நிய மொழியைக் காதில் வாங்கிய களைப்பு அது. பிள்ளைக்கு நோய் என்று நீங்கள் பதற வேண்டாம்.

பள்ளி செப்டம்பர் 1 வாக்கில் தொடங்கி ஜூன் 30 வரை. ஜிம்னாசியம் என்ற வகைப் பள்ளிக்குத்தான் (பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் மேல்நிலைப் பள்ளி) பெரும்பாலும் போவாள். வகுப்பு 45 நிமிடம், எட்டு மணி வாக்கில் தொடக்கம். மதிப்பெண் 1 முதல் 5 வரை, அதில் 1-தான் உயர்வு. உங்களுக்கு அவள் "இன்று 1 வாங்கினேன்" என்றால் மகிழ்ச்சி அடையுங்கள். கரும்பலகை அருகே நிற்கவைத்து வாய்மொழியாகக் கேள்வி கேட்கும் வழக்கம் உண்டு. ஆரம்ப மாதங்களில் விலக்குத் தரும்படி வகுப்பாசிரியரிடம் கேட்கலாம். கணிதமும் ஆங்கிலமும் கைகொடுக்கும், வரலாறும் செக் இலக்கியமும் திணறடிக்கும். புரியாத பாடத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துச் சொல் எழுதிக்கொண்டாலே லாபம். வராத நாளுக்கு மூன்று நாட்காட்டி நாட்களுக்குள் குடும்பம் பள்ளிக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும். "புரியவில்லை, வீட்டில் இருக்கிறேன்" என்று தங்கினால் திட்டத்திலிருந்தே திருப்பி அனுப்பப்படும் அபாயம் உண்டு.

வகுப்புத் தோழர்கள் ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்கில் அறிந்தவர்கள். அந்த வட்டத்துக்குள் நுழைவது மெதுவாகத்தான் நடக்கும். நட்பு சீக்கிரம் கிடைப்பது பள்ளிக்கு வெளியே. ஊர்தோறும் இருக்கும் கலைப் பள்ளியில் பாட்டோ வயலினோ, 1862-இல் பிராகில் தொடங்கிய சோகோல் உடற்பயிற்சிச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை, சாரணர் குழு, கைப்பந்து ஏதாவது ஒன்றில் செப்டம்பர் மாதமே சேர்ந்துவிட வேண்டும். அக்டோபரில் இடம் நிரம்பிவிடும். 16, 17 வயதில் ஜோடி நடன வகுப்புக்குப் போவது அங்கே பெரும் வழக்கம். அழைத்தால் போகலாமா என்பதை இப்போதே வீட்டில் பேசி முடியுங்கள். குளிர்காலத்தில் ஒரு வாரப் பனிச்சறுக்கு முகாம் வரும், அதற்குச் சில ஆயிரம் கொருனா செலவாகும். இடமும் சாப்பாடும் குடும்பம் தரும். உடை, தொலைபேசி, சோப்பு, சுற்றுலா உங்கள் செலவு. கைச்செலவுக்கு மாதம் 2,500 முதல் 3,500 கொருனா வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொருனா ஏறக்குறைய 4 ரூபாய். பனிக்கோட்டும் பூட்ஸும் இங்கே வாங்காதீர்கள். நம் ஊரில் விற்பது அந்தக் குளிருக்கு ஆகாது, அங்கே பழைய உடைக் கடைகளில் நல்லதே மலிவாகக் கிடைக்கும்.

மது விஷயத்தைப் பேசாமல் அனுப்பாதீர்கள். சட்டப்படி வயது 18. தலைக்கணக்கில் உலகிலேயே அதிகம் பியர் குடிக்கும் நாடு அது. குடும்ப விருந்தில் ஒரு சிறு கோப்பையை யாராவது கபடமின்றி நீட்டக்கூடும். திட்டத்தின் விதியைக் காரணம் காட்டி மறுப்பது எளிது, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஈஸ்டர் திங்களன்று பையன்கள் வில்லோக் குச்சிகளைப் பின்னிய சாட்டையால் பெண்களைத் தட்டி, வண்ண முட்டை வாங்கிப்போகும் வழக்கம் உண்டு. கிராமத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. முன்னால் தெரியாவிட்டால் பயந்துபோவாள். பிடிக்கவில்லை என்றால் முந்தைய நாளே அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார்.

ஒத்துவராவிட்டால் என்ன வழி என்று கேட்டீர்கள். இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். ருசி, சத்தம், நேரக் கட்டுப்பாடு, பையனோடு சண்டை, பேச ஆளில்லை என்பவை ஒரு வகை. முதலில் அவளே வீட்டாரிடம் பேச வேண்டும். இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் அவளுக்கென்று திட்டம் நியமித்த உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவர் இரு தரப்பையும் உட்காரவைப்பார். அதற்குப் பிறகும் முடியாவிட்டால் குடும்பத்தை மாற்றுவார்கள், அது குற்றமாகப் பதிவாகாது. நீங்கள் கோவையிலிருந்து அந்த அம்மாளுக்கு நேரடியாகத் தொலைபேசி செய்து நியாயம் கேட்டால், பேசித் தீர்ந்திருக்கக்கூடியதும் முறிந்துபோகும்.

இன்னொரு வகை, பாதுகாப்பு. யாராவது விரும்பாமல் தொட்டால், அறைக்குள் நுழைந்தால், குடிக்கவைத்தால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால், இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். அந்த நிமிடமே திட்டத்தின் 24 மணி நேர எண், அல்லது 112. செக் குழந்தைகள் உதவி எண் 116 111. இந்த எண்களைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதி பர்ஸில் வைக்கட்டும். "உன்மேல் கோபப்பட மாட்டோம், எந்த நேரமும் சொல்லலாம்" என்று கிளம்பும் முன் அப்பாவும் சேர்ந்து அவளிடம் சொல்ல வேண்டும்.

இதைத் தவிர்த்த சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை பேசினால் போதும். ஞாயிறு அங்கே மாலை 4 மணி என்றால் இங்கே இரவு 7.30, அக்டோபர் கடைசி ஞாயிறில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் 8.30. தினமும் வீடியோவில் பேசும் பிள்ளை உடலால் அங்கும் மனத்தால் இங்குமாக இருக்கும், மொழியும் வராது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்போது அழுகை வரும். "வந்துவிடு" என்று சொல்லாதீர்கள். ஜனவரிக்குப் பிறகு காது திறக்கும்.

விசாவுக்கு இப்போதே ஓட வேண்டும். 90 நாளுக்கு மேற்பட்ட படிப்பு விசா. புது டெல்லியில் உள்ள செக் தூதரகத்தின் கீழ் வருகிறது, முடிவு வர இரண்டு மாதம்வரை ஆகலாம். பெற்றோர் ஒப்புதல், பள்ளியின் சேர்க்கைக் கடிதம், தங்குமிடச் சான்று, காவல்துறைச் சான்று ஆகியவற்றை உரிய செக் மொழிபெயர்ப்போடு கேட்பார்கள். ஒன்று குறைந்தாலும் தேதி தள்ளிப்போகும். போய்ச் சேர்ந்த மூன்று வேலை நாட்களுக்குள் அங்கே தங்குமிடத்தைப் பதிவு செய்வது கட்டாயம். யார் கூட்டிப்போவார் என்று திட்டத்திடம் இப்போதே கேளுங்கள்.

பதினோராம் வகுப்பைப் பொறுத்தவரை, அந்த ஆண்டை இங்கே 11-ஆகக் கணக்கிடுவார்கள் என்று நம்பி அனுப்பாதீர்கள். ஒரு வருடம் தள்ளி 11-இல் சேர்வாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் விழும் இந்த இடைவெளி பிறகு வரும் தேர்வுகளுக்கு இடைஞ்சல் இல்லை. ஜேஇஇ ஆண்டுக் கணக்கு 12-ம் வகுப்புத் தேர்ச்சியிலிருந்துதான். சிக்கல் ஒன்றுதான்: நம் பள்ளி ஜூனில் திறக்கும், அவள் வருவது ஜூலை. அடுத்த ஆண்டுக்கு இடம் ஒதுக்கி, ஒரு மாதம் தாமதமாகச் சேர அனுமதிப்பதாகத் தலைமையாசிரியரிடம் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டாம். டிசம்பர் 24 மாலை அந்தக் குடும்பத்துக்கு ஆண்டிலேயே நெருக்கமான நேரம். கெண்டை மீன், உருளைக்கிழங்கு சாலட், வீட்டில் சுட்ட பிஸ்கட், பரிசுகள். அன்று முதன்முறையாக அவர்கள் மேசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போடப்படும். நீங்கள் வந்து அவளை ஓட்டலுக்குக் கூட்டிப்போனால் அது நழுவிவிடும். நீங்கள் திரும்பியதும் அவள் மறுபடி செப்டம்பரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பல திட்டங்கள் இடையில் பெற்றோர் வருவதை அனுமதிப்பதும் இல்லை. பார்க்க ஆசையென்றால் ஜூன் கடைசி வாரம் போங்கள். முதலில் குடும்பத்தைக் கேளுங்கள், பிறகு திட்டத்தை. அவர்கள் வீட்டில் தங்குவதாக நீங்களே முடிவு செய்யாமல் ஒலொமோட்ஸில் அறை எடுங்கள். அவள் திரும்பும் விமானத்தைத் திட்டம்தான் குறிக்கும். அந்தத் தேதியை எழுத்தில் வாங்கிய பிறகே உங்கள் டிக்கெட்டைப் போடுங்கள்.